‘மேகே டாகா தாரா’ படத்தின் பாட்டுகள்: ஹம்சத்வனி, தாகூர், அந்தச் சாட்டைச் சத்தம்

அலைவரிசை (இழையைத் தொடங்கியவர்)

வங்காள இயக்குநர் ரித்விக் கட்டக்கின் ‘மேகே டாகா தாரா’வை (1960) போன வாரம் மூன்றாவது முறையாகப் பார்த்தேன். இந்த முறை கதையை விட்டுவிட்டுப் பாட்டுகளைப் பின்தொடர்ந்தேன். இரண்டு நாளாக வேறு எதிலும் மனம் நிற்கவில்லை. அதனால்தான் இந்த இழை.

பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக: 1947 பிரிவினைக்குப் பிறகு கிழக்கு வங்காளத்திலிருந்து கல்கத்தாவின் ஓரத்துக்கு வந்துசேர்ந்த அகதிக் குடும்பம். மூத்த மகள் நீதாவின் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. அண்ணன் சங்கருக்கு வேலை இல்லை, நாள் முழுக்க சாதகம் செய்கிறான். நீதா விரும்பிய சனத் அவள் தங்கை கீதாவைக் கல்யாணம் செய்துகொள்கிறான். நீதாவுக்குக் காசநோய் வருகிறது. கட்டக் தன் சொந்த நிறுவனமான சித்ரகல்பா மூலம் எடுத்த படம். இசை ஜோதிரிந்திர மொய்த்ரா.

படத்தின் முதல் காட்சியில் ஒரு பெரிய மரம். அதன் அடியிலிருந்து நீதா நடந்து வருகிறாள். தண்ணீர் ஓரத்தில் சங்கர் உட்கார்ந்து ஆலாபனை செய்துகொண்டிருக்கிறான், பின்னால் ரயில் போகிறது. நீதா நின்று கேட்டு, சிரித்துவிட்டு நகர்கிறாள். அவன் பாடுவது ஹம்சத்வனி. கச்சேரியின் தொடக்கத்தில் ‘வாதாபி கணபதிம்’ கேட்டு வளர்ந்த காதுக்கு அது சட்டென்று பிடிபட்டுவிடும். சங்கருக்குப் பின்னணி பாடியவர் ஏ.டி. கானன். அவர் 1920-இல் சென்னையில் பிறந்தவர்! பிறகு கல்கத்தாவில் கிரிஜா சங்கர் சக்ரவர்த்தியிடம் கற்று, அங்கேயே இந்துஸ்தானிப் பாடகராக நிலைத்துவிட்டார்.

என் கேள்வி இதுதான். ஒரு பெண் மெல்ல மெல்ல அழியும் கதையை இவ்வளவு மங்கலமான ராகத்தில் கட்டக் ஏன் தொடங்குகிறார்?

சுதிப்பெட்டி

நல்ல இழை. ராகத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஹம்சத்வனி நம் பக்கத்து ராகம், முத்துசுவாமி தீட்சிதரின் தந்தை ராமஸ்வாமி தீட்சிதர் உருவாக்கியது என்பது மரபு. ஸ ரி க ப நி, ஐந்தே சுரங்கள். சங்கராபரணத்திலிருந்து மத்யமத்தையும் தைவதத்தையும் எடுத்துவிட்டால் ஹம்சத்வனி.

இதை வடக்கே கொண்டுபோனவர்களில் முக்கியமானவர் பெண்டி பஜார் கரானா என்ற பம்பாய் இந்துஸ்தானி மரபின் அமான் அலி கான். கர்நாடக இசையில் அவருக்கு மிகுந்த ஈடுபாடு. ‘லாகீ லகன் பதி சகீ சங்’ என்ற பந்திஷ் (இந்துஸ்தானி உருப்படி) அவர் கட்டியது. ‘வாதாபி’ தெரிந்தவர்கள் அதைக் கேட்டால் உறவு உடனே புரியும், நடையே அப்படி. பின்னால் இந்துஸ்தானிப் பாடகர் அமீர் கானும் இதைப் பாடிப் பெரிதாக்கினார். படத்தில் கானன் பாடுவதும் இதே பந்திஷ்தான். ஆக, தமிழ்நாட்டு ராகம் பம்பாய்க்குப் போய் இந்தி வரிகளை வாங்கிக்கொண்டு, சென்னையில் பிறந்த ஒருவர் குரலில் வங்காளப் படத்துக்குள் வந்திருக்கிறது. இதை எழுதும்போதே எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

உங்கள் கேள்விக்கு என் பதில்: தொடக்கத்தில் அந்த ராகம் மங்கலமாகத்தான் இருக்க வேண்டும். அந்த இடத்தில் நீதாவுக்கு இன்னும் எதுவும் ஆகவில்லை. அண்ணன் பெரிய பாடகனாவான் என்று அவள் முழுசாக நம்புகிறாள். கச்சேரியை ஹம்சத்வனியில் தொடங்குவது எதற்காக? தடை வராமல் இருக்கட்டும் என்றுதானே.

கரிசல்காரன்

படத்தை மதிக்கிறேன். ஆனால் ஒன்று மனசில் பட்டதைச் சொல்லியாக வேண்டும். நீதாவும் சங்கரும் இருட்டில் சேர்ந்து பாடும் தாகூர் பாட்டு இருக்கிறதே, அதன் முடிவில் சாட்டை சொடுக்கும் சத்தம் வருகிறது. எங்கிருந்து வருகிறது என்று காட்டுவதே இல்லை. சனத்தின் அறைக்குப் போய்விட்டு நீதா மாடிப்படியில் இறங்கி வரும்போதும் அதே சத்தம். பாட்டு தானே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது? அதற்கு மேல் சாட்டை எதற்கு? இயக்குநர் பாட்டை நம்பவில்லையோ என்று எனக்குத் தோன்றியது.

லேக்மார்க்கெட்_லலிதா

நான் பிறந்து வளர்ந்தது கல்கத்தா லேக் மார்க்கெட். அந்தப் பக்கம் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. வீட்டில் தமிழ், தெருவில் வங்காளம், அதனால் இந்தப் பாட்டு எனக்கு இரண்டு காதிலும் விழும். முதலில் வரிகளைத் தருகிறேன், சாட்டையைப் பற்றி அப்புறம் பேசுகிறேன். தாகூர் பாட்டுகளின் தொகுப்பான கீதபிதானில் பூஜா பகுதியில் இருக்கும் பாட்டு இது. மெட்டுக்குப் பொருந்தாது, பொருளுக்காக மட்டும்:

என் கதவுகளெல்லாம் புயலில் உடைந்த அந்த இரவில்
நீ என் வீட்டுக்குள் வந்தாய் என்று எனக்குத் தெரியவில்லை.
எல்லாம் கறுத்துப் போனது, விளக்கு அணைந்தது,
யாருக்காக வானத்தை நோக்கிக் கை நீட்டினேன்?
இருட்டில் கிடந்தேன், கனவென்று நினைத்து.
புயல்தான் உன் வெற்றிக்கொடி என்று நான் எங்கே அறிந்தேன்!
காலையில் பார்க்கிறேன், நீ நிற்கிறாய், இதென்ன,
என் வீடு நிறைந்த வெறுமையின் நெஞ்சின் மேல்.

தாகூருக்கு இந்த ‘நீ’ கடவுள். எல்லாவற்றையும் பறிகொடுத்தவன் வீட்டுக்குள் அந்தப் பறிகொடுத்தலின் வழியாகவே கடவுள் வந்துவிடுகிறார். துக்கத்தில் இருப்பவர்களுக்கு வங்காளத்தில் இந்தப் பாட்டு பெரிய ஆறுதல்.

இப்போது படத்தில் இது வரும் இடத்தைப் பாருங்கள். தங்கை கல்யாணத்தில் தன்னைப் பாடச் சொல்வார்கள், ஒரு பாட்டுக் கற்றுக்கொடு என்று நீதா அண்ணனிடம் கேட்கிறாள். யாருடைய கல்யாணம்? தான் விரும்பியவனுக்கும் தன் தங்கைக்கும். அதற்காக அண்ணன் சொல்லிக்கொடுக்கும் பாட்டு இது.

அந்த ‘நீ’ படத்தில் கடவுள் இல்லை. காலையில் அவள் கண்ணைத் திறந்து பார்த்தால் வெறுமையின் மேல் யாரும் நிற்கப் போவதில்லை. அதனால்தான் சாட்டை. பாட்டு முடிந்ததும் நம் மனசு தாகூரின் ஆறுதலுக்குள் போய் உட்கார்ந்துவிடப் பார்க்கும். கட்டக் அதை விடவில்லை. கரிசல்காரன் தம்பி, பாட்டை நம்பாமல் அவர் சாட்டையைப் போடவில்லை. பாட்டுக்கு எவ்வளவு ஆற்றும் சக்தி உண்டு என்று தெரிந்துதான் போட்டிருக்கிறார்.

என் பெரியம்மா டல்ஹவுசி சதுக்கத்தில் ஒரு அலுவலகத்தில் முப்பது வருஷம் தட்டச்சு செய்தார். மூன்று தம்பி, ஒரு தங்கை, எல்லோரையும் படிக்கவைத்துக் கல்யாணம் பண்ணிக்கொடுத்தது அவர் சம்பளம். அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தூர்தர்ஷனில் இந்தப் படம் போட்ட இரவு எல்லோரும் கூடத்தில் பாயில் உட்கார்ந்து பார்த்தோம். பாட்டு முடியும் வரைக்கும் பெரியம்மாவும் மெல்லச் சேர்ந்து முணுமுணுத்துக்கொண்டிருந்தார். முதல் சாட்டை விழுந்தவுடன் எழுந்து சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டார். தண்ணீர் வெறும் தொட்டியில் கொட்டிக்கொண்டே இருந்தது. யாரும் எழுந்து போய் மூடவில்லை. என் அப்பா, அவர் படிக்கவைத்த கடைசித் தம்பி, தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

கரிசல்காரன்

லலிதா அக்கா, இதைப் படித்துவிட்டு அந்தக் காட்சியை மறுபடி போட்டுப் பார்த்தேன். நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். மாடிப்படிக் காட்சியில் இன்னமும் கொஞ்சம் உறுத்துகிறது, அது வேறு விஷயம். பாட்டின் முடிவில் அது வேண்டியதுதான்.

அலைவரிசை

அக்கா, நன்றி. ஒரு சந்தேகம். அந்தப் பாட்டில் ஆண் குரல் தேவவிரத பிஸ்வாஸ் என்று தெரியும். பெண் குரல் யார்?

லேக்மார்க்கெட்_லலிதா

அதுதான் எனக்கு இந்தப் படத்திலேயே பெரிய விஷயம். நீதாவாக நடித்தவர் சுப்ரியா சௌத்ரி. அவருக்காகப் பாடியவர் கீதா கட்டக். அவர் ரவீந்திர சங்கீதம், அதாவது தாகூர் பாட்டுகள், பாடுபவர். இதே படத்தில் தங்கை கீதாவாக நடித்திருப்பவரும் அவரேதான்!

யோசித்துப் பாருங்கள். சனத்தைத் தட்டிக்கொண்டு போகும் தங்கையின் தொண்டையிலிருந்துதான் அக்காவின் அழுகை வருகிறது. திட்டமிட்டுச் செய்ததா, நல்ல பாடகி கூடவே இருந்ததால் அமைந்ததா என்பது எனக்கு முக்கியமாகப் படவில்லை. தெரிந்துகொண்டு கேட்டால் பாட்டு வேறாகிவிடுகிறது. அந்த வீட்டில் நீதாவுக்கென்று சொந்தமாக எதுவும் மிஞ்சவில்லை, பாடும் குரல் உட்பட.

தேவவிரத பிஸ்வாஸைப் பற்றியும் சொல்ல வேண்டும். கல்கத்தாக்காரர்களுக்கு அவர் ‘ஜார்ஜ் தா’. இப்டா என்ற இடதுசாரி மக்கள் நாடக இயக்கத்தின் மேடைகளில் கட்டக், மொய்த்ரா இவர்களோடெல்லாம் சேர்ந்து வளர்ந்த குரல். அவர் தாகூரைப் பாடும் முறையை, தாகூர் நிறுவிய விஸ்வபாரதியின் இசை வாரியம் பின்னாளில் ஏற்க மறுத்தது. அவர் பதிவு செய்வதையே நிறுத்திக்கொண்டார். ஆனால் இன்றைக்கும் வங்காளி வீடுகளில் மழை நாளில் கேட்பது அவர் குரலைத்தான். இந்தப் பாட்டில் அவர் சொல்லிக்கொடுப்பவர், கூடப் பாடுபவர், இரண்டுமாக இருக்கிறார். நீதா தடுமாறும் இடத்தில் கீழே கையைக் கொடுத்துத் தாங்குகிற மாதிரி அந்தக் குரல் வரும்.

வடமராட்சி

நான் எழுதுவது குறைவு, வாசிப்பதுதான் கூட. ஆனா “வீடு நிறைந்த வெறுமை” எண்ட வரியில நிண்டுபோனன். வீடு நிறைய எண்டு நாங்கள் நல்லதுக்குத்தானே சொல்லுவம்? வீடு நிறையச் சனம், வீடு நிறையப் பிள்ளையள். இடம்பெயர்ந்து போய், வருசங்களுக்குப் பிறகு எங்கட வீட்டை முதல் தரம் பாக்கப் போனபோது, கதவு ஒண்டும் இல்லை. நிலையும் இல்லை. உள்ளுக்கை நிண்ட வெயில் மட்டும்தான். அக்கா, நீங்கள் எழுதின முதல் வரியையும் கடைசி வரியையும் எங்கட அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினன். “ஆர் எழுதினது?” எண்டு கேட்டா. சொன்னன். “அவருக்கு எப்பிடித் தெரியும்?” எண்டா.

லேக்மார்க்கெட்_லலிதா

தம்பி, அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

சுதிப்பெட்டி

வடமராட்சியின் பதிவுக்குப் பிறகு ராகம் பேசக் கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது. ஆனாலும் ஹம்சத்வனி விஷயத்தை முடிக்காமல் விட மனமில்லை.

‘லாகீ லகன்’ பந்திஷில் ஒரு பெண் தன் தோழியிடம் பேசுகிறாள், மனம் அவனிடம் பற்றிக்கொண்டுவிட்டது என்று. காதல் கைகூடிய பெண்ணின் குதூகலம். சங்கர் பம்பாய் போய்ப் பெயரெடுத்துத் திரும்பி வருகிறான். தொடக்கத்தில் சொல்லே இல்லாத ஆலாபனையாக இருந்தது இப்போது வரிகளோடு, துரித காலத்தில், கைதேர்ந்த வித்துவானின் பாட்டாக வந்து நிற்கிறது. அவன் ஜெயித்துவிட்டான் என்பதை வசனத்தில் சொல்லவே வேண்டாம், தாளம் சொல்லிவிடுகிறது.

அந்த உற்சாகத்தோடு வீட்டுக்குள் வருகிறான். நீதா எதையோ மறைக்கிறாள். முன்பு ஒருமுறை சனத் எழுதிய கடிதத்தை அவளிடமிருந்து பிடுங்கிக் கேலி செய்தவன் அல்லவா? இதுவும் காதல் கடிதம் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே பிடுங்குகிறான். இரத்தம் தோய்ந்த கைக்குட்டை.

அந்தப் பழைய கடிதத்தில்தான் படத்தின் தலைப்பும் இருக்கிறது. உன்னைச் சாதாரணமானவள் என்று நினைத்தேன், இப்போதுதான் தெரிகிறது, நீ மேகம் மறைத்த நட்சத்திரம் என்று சனத் எழுதியிருப்பான். படத்தில் அவளைப் பார்த்து எழுதப்பட்ட ஒரே கவிதை அந்தக் கடிதம்தான். எழுதியவனே அதை மறந்துபோகிறான்.

அலைவரிசை, நீங்கள் கேட்டதற்கு நான் முதலில் சொன்ன பதில் பாதிதான். ராகம் கடைசிவரை மங்கலமாகவே இருக்கிறது. ஒரு சுரம்கூட மாறவில்லை. அதைக் கேட்கும் வீடு மாறிவிட்டது.

புதுப்பாலம்

யாராவது சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். 1974-இல் வந்த ‘அவள் ஒரு தொடர்கதை’யை இதோடு சேர்த்துப் பேசுவது நம் ஊரில் வழக்கம். சம்பாதிக்கும் மகள், சாப்பிடும் குடும்பம். அதிலும் அண்ணன் பாடுகிறான், ‘தெய்வம் தந்த வீடு’. கண்ணதாசன் வரிகள், யேசுதாஸ் குரல். அங்கே அண்ணன் தங்கைக்குத் தத்துவம் பாடுகிறான், சோறு போடுவது அவள். சங்கர் அப்படி இல்லை. தங்கையிடம் சவரக் காசு கேட்டு வாங்குபவன்தான், ஆனால் இவன் ஒருவனுக்குத்தான் அவள் என்ன கொடுக்கிறாள் என்று தெரியும். அதனால்தான் அந்த இரவுப் பாட்டில் அவனால் அவளோடு சேர்ந்து பாட முடிகிறது.

அலைவரிசை

புதுப்பாலம் சொன்னது சரி. படத்தை இந்த முறை பார்த்தபோது எனக்குத் தோன்றியதும் இதை ஒட்டித்தான். இந்தப் படத்தில் பாட்டு எங்கேயும் சும்மா வருவதில்லை. ஒவ்வொன்றுக்கும் யாரோ விலை கொடுத்திருக்கிறார்கள். சங்கரின் ஹம்சத்வனி நீதாவின் டியூஷன் காசிலும் சம்பளத்திலும் நின்றது. அம்மாவுக்கு அது தெரியும், அதனால்தான் அவன் பாடினாலே அவளுக்கு எரிச்சல். அவளைக் கெட்டவளாகப் பார்க்க என்னால் முடியவில்லை. மகள் கல்யாணம் செய்துகொண்டு போனால் அடுப்பு அணைந்துவிடும் என்ற பயம். அவள் முகத்தோடு ஏதோ கொதிக்கும் சத்தத்தைச் சேர்த்துவைத்திருக்கிறார்களே, அதையும் நான் இசைக்கணக்கில்தான் சேர்ப்பேன்.

உமா பாட்டைப் பற்றி யாரும் பேசவில்லையே? லலிதா அக்கா?

லேக்மார்க்கெட்_லலிதா

அதைப் பேசினால் நீளுமே என்று விட்டிருந்தேன். சரி, சொல்கிறேன்.

‘ஆய் கோ உமா கோலே லோய்’. வா உமா, மடியில் எடுத்துக்கொள்கிறேன் என்று தாய் மேனகை பாடுவது. வங்காளத்தில் துர்கா பூஜை என்பது மகள் பிறந்தகம் வரும் நாட்கள். கைலாசத்தில் புருஷன் வீட்டில் இருக்கும் உமா வருஷத்துக்கு ஒருமுறை அம்மா வீட்டுக்கு வருகிறாள். விஜயதசமியன்று திரும்பிப் போகிறாள். விஜயதசமிக்கு மறுநாள் தெருவில் பந்தல் வெறுமையாக நிற்கும், ஒரே ஒரு விளக்கு வைத்திருப்பார்கள். அதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் தொண்டை அடைக்கும்.

வரவேற்றுப் பாடுவது ஆகமனி, வழியனுப்பிப் பாடுவது விஜயா. கட்டிக்கொடுத்த மகளை நினைத்து வங்காளத்துத் தாய்மார்கள் அழ வைத்திருந்த பாட்டுகள் இவை. நம் பக்கம் நவராத்திரியில் அம்பிகையைக் கொலுவில் வைத்துக் கொண்டாடுகிறோம், வீட்டுக்கு வந்த மகளாக நினைத்து அழுவதில்லை. அதனால் தமிழ்நாட்டிலிருந்து பார்ப்பவர்களுக்கு இந்தப் பாட்டு ஒரு நாட்டுப்பாடல் மாதிரி கடந்துபோய்விடும்.

நீதா பிறந்தது ஜகத்தாத்ரி பூஜை அன்று என்று படத்திலேயே வருகிறது. ஜகத்தாத்ரி என்றால் உலகைத் தாங்குபவள். நீதா அந்த வீட்டைத் தாங்குகிறாள். ஆனால் உமாவை மடிக்கு அழைக்கும் பாட்டு கேட்பது அவள் வீட்டை விட்டுப் போகும் கட்டத்தை ஒட்டித்தான். அந்த மழை இரவில் அவள் கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். சின்ன வயதில் அண்ணனும் அவளும் மலைக்குப் போனபோது எடுத்த புகைப்படம். வேறு எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. உமாவாவது அடுத்த வருஷம் வருவாள்.

பெரியம்மாவுக்கு இந்தப் பாட்டு மனப்பாடம். தமிழ் வீட்டில் பிறந்து, பக்கத்து வீட்டு வங்காளிப் பாட்டியிடம் கற்றது. படம் பார்த்த அன்றைக்குப் பிறகு அவர் அதைப் பாடி நான் கேட்டதில்லை.

சுதிப்பெட்டி

அக்கா, என் மாணவிகளுக்கு இந்த வாரம் ‘வாதாபி’ தொடங்குகிறேன். முதல் நாள் கானனின் ‘லாகீ லகன்’ போட்டுக் காட்டலாம் என்று இருக்கிறேன். கதையைச் சொல்ல வேண்டுமா, பாட்டை மட்டும் போட வேண்டுமா?

லேக்மார்க்கெட்_லலிதா

பாட்டை மட்டும் போடுங்கள். சின்னப் பெண்கள், முதலில் சந்தோஷமாகக் கேட்கட்டும்.

கரிசல்காரன்

கடைசிக் காட்சியைப் பற்றி ஒரு வார்த்தை. ஷில்லாங் மலையில் நீதா, “அண்ணா, நான் வாழணும்னுதானே ஆசைப்பட்டேன்” என்று கதறுவதோடு படம் முடிந்துவிடும் என்றுதான் என் நினைவில் இருந்தது. இன்றைக்குப் பார்த்தால், அதற்கு அப்புறம் சங்கர் பழைய தெருவுக்கு வந்து நிற்கிறான். எதிரே ஒரு பெண் நடந்து போகிறாள், வேலைக்குப் போகிற பெண். அவள் செருப்பு வார் அறுந்துவிடுகிறது. தொடக்கத்தில் நீதாவுக்கு அறுந்ததே, அதே மாதிரி. அவள் அவனைப் பார்த்து லேசாகச் சிரித்துவிட்டு, செருப்பை இழுத்துக்கொண்டே போகிறாள்.

படம் முழுக்க பாடிக்கொண்டிருந்தவன் அந்த இடத்தில் பாடவில்லை. கையால் முகத்தை மூடிக்கொள்கிறான்.